சாமான் பட்டியலில் இல்லாத அட்டை

செக்காலை சாலையை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் முகப்பில்தான் என் அலுவலகம். திண்ணையில் கட்சிக்காரர்கள், உள்ளே நானும் குமாஸ்தாவும். காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்றங்களில் குடும்ப வழக்கு நடத்த ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் விவாகரத்து என்றால் முதலில் மேசைக்கு வருவது சாமான் பட்டியல். வெள்ளி விளக்கு எத்தனை, எவர்சில்வர் தூக்கு எத்தனை, மங்குச் சாமான், மரவை, பட்டுப் பாய் என்று அது நீளும். ஒரு வழக்கில் பதினோரு பக்கம் வந்தது. அதில் ஒரு இடிகல்லுக்காக இரண்டு வாய்தா போனது.

அந்தப் பதினோரு பக்கத்தையும் வரி வரியாகச் சரிபார்த்த நான், அதே வழக்கில் அந்தப் பெண்ணின் கைப்பையில் இருந்த ஒரு அட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அவர் ஈப்போ பக்கம் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழர். கணவர் தேவகோட்டைக்காரர். கல்யாணம் இங்கேதான் நடந்தது, முறையாகப் பதிவும் ஆனது. இரண்டு வருடம் கழித்து வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதுதான் எல்லோரும் ஓசிஐ என்பது, வாங்கிக்கொண்டார். பெயரில் 'குடிமகன்' இருக்கிறதே தவிர அது குடியுரிமை இல்லை. ஓட்டுப் போட முடியாது. ஆனால் விசாக் கவலை இல்லாமல் ஆயுள் முழுக்க வந்து போகலாம், இங்கேயே தங்கலாம். பையன் காரைக்குடியில் பிறந்தான். அப்பா இந்தியர், அம்மா முறையான ஆவணத்தோடு இருந்தவர். ஆகவே பையன் பிறப்பாலேயே இந்தியன்.

பிரிந்து வாழ்ந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆன பிறகு என்னிடம் வந்தார்கள். இருவருக்கும் சம்மதம், பையன் அம்மாவிடம். பரஸ்பர சம்மத மனுவில் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தகுந்த வழக்குகளில் அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி வாதாடி, சில வாரங்களில் தீர்ப்பு வாங்கிக் கொடுத்தேன். வக்கீல் சங்கத்தில் காபி குடித்துக்கொண்டே இதைப் பெருமையாகச் சொன்னது வேறு ஞாபகம் இருக்கிறது.

நாலைந்து மாதம் கழித்து அதே அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "சார், நான் ஓசிஐ வாங்கினது இவரைக் கல்யாணம் பண்ணதை வச்சுத்தான். இனிமே அது செல்லுமா?"

அன்றைக்குத்தான் குடியுரிமைச் சட்டம், 1955ஐ எடுத்து ஒழுங்காகப் படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. 7ஏ பிரிவு, பதிவான திருமணம் விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு வருடம் நீடித்திருந்தால் வெளிநாட்டுத் துணைக்கு அட்டை கொடுக்கலாம் என்கிறது. 7டி, அந்தத் திருமணம் நீதிமன்றத்தாலோ வேறு வகையிலோ முறிந்தால் மத்திய அரசு அட்டையை ரத்து செய்யலாம் என்கிறது. 'செய்யலாம்' என்பதைக் கவனிக்க வேண்டும். தானாகப் போய்விடாது, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அட்டைக்காரரின் பதிலைக் கேட்காமல் ரத்து செய்யவும் முடியாது. இருந்தாலும் தலைக்கு மேலே கத்தி. பையன் இந்தியன், அம்மா எந்த நாளும் சுற்றுலா விசா கேட்டு வரிசையில் நிற்க வேண்டியவர் ஆகலாம். அவசரப்பட்டு அந்தக் கத்தியைத் தொங்கவிட்டது நான்.

குடியுரிமையே வாங்கியிருந்தால் கதை வேறு. இந்தியரை மணந்தவர் ஏழு வருடம் இங்கே வசித்திருந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். ஏமாற்றி வாங்காதவரை, பின்னால் விவாகரத்து ஆனது என்பதற்காக மட்டும் அதைப் பறிக்க முடியாது. ஆனால் ஐந்தாவது, ஆறாவது வருடத்தில் கல்யாணம் முறிந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். விண்ணப்பிக்கும்போது இந்தியரின் மனைவியாகவோ கணவராகவோ இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதோடு மலேசியப் பாஸ்போர்ட்டையும் விட வேண்டும். அவர் விடத் தயாராக இல்லை. அவர் நிலையில் இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

பழைய காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனபோது மனைவியை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் வட்டிக்கடை ஏஜெண்டு ஊர் திரும்புவார். இப்போது பெண்கள்தான் கடல் தாண்டுகிறார்கள். போகிற நாட்டில் அவர்கள் இருப்பது கணவரின் பெயரை ஒட்டித்தான் என்பது, எல்லாம் நன்றாக நடக்கிறவரை யாருக்கும் உறைப்பதில்லை.

அதனால்தான் 2024இல் ஒரு ஆச்சி வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது. மகள் லண்டனில் இருக்கிறாள். மாப்பிள்ளை அங்கே குடியுரிமை பெற்றவர். "தம்பி, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குன்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தாக. படைப்பு முடிஞ்ச மறுநாளே அவரு மட்டும் கிளம்பிட்டாரு. மகளோட பாஸ்போர்ட்டு, அந்தூரு கார்டு எல்லாம் அவரு பெட்டியில போயிருச்சு. விசாவை ரத்து பண்ணிட்டேன், இனி வர வேண்டாம்னு போன்ல சொல்றாரு."

முதலில் நான் சொன்னது, மாப்பிள்ளையால் விசாவை ரத்து பண்ண முடியாது, ஆச்சி. அது அவர் கொடுத்ததில்லை. உறவு முறிந்துவிட்டது என்று பிரிட்டிஷ் உள்துறைக்கு எழுதிப் போடலாம், அவ்வளவுதான். முடிவு அவர்களுடையது. ஆச்சி அதை மூன்று தடவை திரும்பக் கேட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஃபீஸ் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் முழுக்க நிம்மதி தரக்கூடிய நிலையும் இல்லை. இந்தியச் சட்டம் தீர்ப்புத் தேதியைப் பார்க்கிறது. பிரிட்டிஷ் விதி உறவு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறது. அங்கே விவாகரத்து ஆகவில்லை, பிரிந்துதான் இருக்கிறோம் என்பது கைகொடுக்காது. துணைவிசாவில் ஐந்து வருடம் முடித்தால்தான் நிரந்தர வசிப்புரிமை. அதற்குள் உறவு முறிந்தால் விசாவைச் சுருக்கி, வழக்கமாக 60 நாள் கொடுப்பார்கள். அதற்குள் வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லை கிளம்ப வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால், பெற்றோர் என்ற முறையில் விசா கேட்கும் வழி ஒன்று உண்டு. வன்கொடுமையால் உறவு முறிந்திருந்தால், ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் நிரந்தர வசிப்புரிமையே கேட்கலாம். அடி மட்டும்தான் வன்கொடுமை என்று இல்லை. பணத்தைக் கட்டுப்படுத்துவது, மிரட்டி அடக்கி வைப்பது எல்லாம் சேர்த்திதான்.

ஊருக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவதையும் 2024 ஜனவரி 31 முதல் அந்த விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். அப்படிக் கைவிடப்பட்டவர் வெளிநாட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். எங்கள் பெண்ணின் விஷயத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. லண்டனில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பிடித்து அவரிடம் ஒப்படைத்தோம். இங்கே என் வேலை இரண்டே: பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் புகார், ஒவ்வொரு வாட்ஸாப் செய்தியையும் தேதியோடு சேமிக்கச் சொன்னது. அவள் கோபத்தில் பாதியை அழித்திருந்தாள். மீதிப் பாதி போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவுக்குப் போன பெண்களுக்கு வேறு கணக்கு. கல்யாணம் ஆகி இரண்டு வருடத்துக்குள் கிரீன் கார்டு வந்தால் அது இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. நிபந்தனையை நீக்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணம் நேர்மையாக நடந்தது, பிறகு முறிந்தது என்று காட்டினால் தனியாகவும் கேட்கலாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மிரட்டுகிற மாப்பிள்ளைகள் இந்த இரண்டாவது வாக்கியத்தை எப்போதும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலை விசாவில் இருக்கும் கணவரை ஒட்டிக் கிடைக்கும் ஹெச்-4 விசாவில் போனவருக்கு இந்த வசதி கிடையாது. விவாகரத்து ஆன அன்றோடு அந்த அந்தஸ்து முடிந்தது.

சரி, ஈப்போ அம்மாவின் கதைக்கு வருகிறேன். ஓசிஐக்குக் கல்யாணம் ஒன்றே வழி இல்லை. இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பிள்ளை, பேரன், பேத்தி, ஏன் கொள்ளுப் பேத்திகூடக் கேட்கலாம். அப்படிப் பரம்பரையால் வந்த அட்டையை எந்த விவாகரத்தும் தொடாது. கல்யாணச் சான்றிதழ் கையில் இருந்ததால் சுலபமான வழி என்று அன்றைக்கு அதைப் பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

"உங்க தாத்தா எந்த ஊரும்மா?" என்றேன்.

"திருப்பத்தூர் பக்கம்னு அப்பா சொல்வாரு. எங்க அப்பா எஸ்டேட்ல பிறந்தவரு. ஊரெல்லாம் யாருக்கும் தெரியாது சார்."

ஈப்போவில் அவர் அத்தை ஒருவர் இருந்தார். தகர பிஸ்கட் டப்பா ஒன்றில் தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டையும், 1950களில் எடுத்த பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும் இருந்தன. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ராமநாதபுரம் ஜில்லா. கைப்பேசியில் அந்தப் படம் வந்தபோது நானும் குமாஸ்தாவும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டோம்.

தாத்தாவுக்கும் அப்பாவுக்கும், அப்பாவுக்கும் மகளுக்கும் உறவைக் காட்ட வேண்டும். அதற்கு மலேசியப் பெயர்முறையே உதவியது. மகன் பெயரோடு ஏ/எல் என்று போட்டு அப்பா பெயர், மகள் பெயரோடு ஏ/பி என்று போட்டு அப்பா பெயர். பாஸ்போர்ட்டிலேயே பரம்பரை எழுதியிருக்கிறது.

மனுவை டைப் அடித்து என் குமாஸ்தா கொண்டுவந்தார். முப்பது வருட அனுபவம், ஊர்ச் செட்டியார் வீட்டு விலாசமெல்லாம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் குடும்ப இன்ஷியல் எல்லாம், மனப்பாடம். அந்த அம்மாவின் அப்பா பெயருக்கு முன்னால் அழகாக 'ஏ.எல்.' என்று இன்ஷியல் போட்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"விலாசம் சார். ஏ.எல். வீடுன்னா பெரிய வீடாச்சே."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் திண்ணையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தீர்ப்பு வாங்கிய அன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. முதல் பக்கத்தை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.