குரோம் பளபளப்பை விட செயின் முக்கியம்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் என் மீட்டியார் 350 பைக்குக்கு வேண்டியதும் வேண்டாததும் ஒரே கடையில் தொங்குகின்றன. மனைவி சாய்ந்துகொள்ள பேக்ரெஸ்ட் வாங்கினேன். காதைக் கிழிக்கும் சைலன்சரையும் கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தார். சட்டப்படியும் கூடாது, தெருவில் கைக்குழந்தைகள் வேறு இருக்கிறார்கள்.

என் காசு பெரும்பாலும் கருவிகளுக்கே போகிறது. சக்கர அச்சு நட்டை ஆளுக்கொரு பலத்தில் முடுக்குவது எனக்குப் பிடிக்காது. ஆகவே, குறித்த பலத்தில் மட்டும் முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச்.

செயின் வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டேன். எஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி, மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பேன். கம்பி பிரஷ்ஷும் பெட்ரோலும் ஆகவே ஆகாது. கண்ணிகளுக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையங்களை அவை கெடுத்துவிடும். துடைத்துக் காய்ந்ததும் 90 எண் தடிப்புள்ள கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கமாக விடவேண்டும். வண்டி ஓடும்போது அது தானாகவே வெளிப்பக்கம் பரவும். மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலை மணல் முழுவதும் அதில்தான் ஒட்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர், "விளக்குக்கா எண்ணெய் விடுகிறாய், தம்பி?" என்று கேட்பார். கேட்கட்டும்.

அடுத்து பக்கப் பைகள் வாங்கவேண்டும். சைலன்சரில் உரசாதபடி தாங்குகம்பி கிடைத்தால் மட்டுமே.