நூற்று நாற்பது கே

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது நான் வேலை கற்றுக்கொண்ட கடை. ஆடி மாதம் வந்தால் மைக் செட் ஆம்ப்ளிஃபயர்கள் வாசல்வரை அடுக்கியிருக்கும். மற்ற நாட்களில் டிவி, டேப் ரெக்கார்டர், எப்போதாவது ஒரு வால்வு செட், அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் பழைய செட். வால்வு செட் வந்தால் நைனாவே உட்காருவார். முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அன்று அவர் பார்ட்ஸ் வாங்க ரிச்சி தெருவுக்குப் போயிருந்தார். பெரம்பூரிலிருந்து ஒரு பெரியவர் கிடார் ஆம்ப் ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். முப்பது வருஷமாகக் கல்யாணக் கச்சேரிகளில் அதில்தான் வாசித்தாராம். "தம்பி, ஒரு வால்வு மட்டும் கரி அடுப்பு மாதிரி சிவக்குது. மத்தபடி நல்லாதான் கீது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை.

உள்ளே ஸ்பீக்கரை ஓட்டும் வால்வுகள் இரண்டு, இ.எல்.84, புஷ்-புல். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்க வேண்டும். அதற்கு ஒரே சிக்னலை நேரெதிராக இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதுதான் ஃபேஸ் இன்வெர்ட்டர். இந்த செட்டில் 12ஏ.எக்ஸ்.7 என்ற இரட்டை வால்வின் ஒரு பாதி அந்த வேலையைச் செய்தது. சிவந்த வால்வைக் கழற்றிவிட்டு, அதற்குள் சிக்னல் நுழையும் கிரிட் முனையில் மீட்டரை வைத்தேன். ஒன்றும் காட்டக் கூடாத இடத்தில் 6 வோல்ட். சிக்னலை மட்டும் விட்டு டி.சி.-யைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கண்டென்சர் லீக். புதிது போட்டதும் சிவப்பு அடங்கிவிட்டது.

சரி, அதோடு மூடியிருக்கலாம். கை அரித்தது.

இன்வெர்ட்டரிலிருந்து சிக்னல் வெளியேறும் முனைகள் இரண்டு: பிளேட்டில் 195 வோல்ட், கேத்தோடில் 75. இதைப் பார்த்து மிரளக் கூடாது, இந்த இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடவும் கூடாது. முன்பு ஒருமுறை அப்படிச் செய்து நைனாவிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். பார்க்க வேண்டியது ரெசிஸ்டரில் விழும் வோல்ட். பிளேட்டிலும் கேத்தோடிலும் ஆளுக்கொரு 100 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர். இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட், அதனால் இரண்டிலும் ஒரே அளவு விழ வேண்டும். சப்ளை 300. பிளேட் பக்கம் விழுந்தது 195 போக மீதி 105, கேத்தோடு பக்கம் 75.

ஆஃப் செய்து, ஃபில்டர் கண்டென்சர்களில் தேங்கிய கரண்டை இறக்கினேன். (இதை மறந்த ஒருவர் ஸ்டூலோடு பின்னால் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.) பிளேட் ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி அளந்தேன். 140 கே! உடம்பில் பிரவுன், கறுப்பு, மஞ்சள் பட்டைகள் அப்படியே 100 கே என்றன. பழைய கார்பன் ரெசிஸ்டர் சூட்டிலும் ஈரக்காற்றிலும் இப்படித்தான் ஏறும். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ஜோடி ஒன்றைப் போட்டேன். இப்போது இரண்டு ரெசிஸ்டரிலும் விழுவது ஒரே எண். பெருமையாக இருந்தது.

ஒரு வாரத்தில் பெரியவர் திரும்பி வந்தார். "சுத்தமா கீது தம்பி. ஆனா இது என்னுது இல்ல."

நைனா என்னைக் கேள்வி கேட்டார், சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு வால்வும் சிக்னலைச் சமமாக வாங்கினால், அவற்றில் பிறக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் (மூல சுரத்தைப்போல 2, 4, 6 மடங்கு அதிரும் ஒலிகள்) அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஏற்றத்தாழ்வு இருந்தால் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சுவதில் முக்கியமானது ஒரு ஸ்தாயி மேலே நிற்கும் சுரம், அதனால் காதுக்கு உறுத்தாது. இனிப்பாகக்கூட இருக்கும். ரெசிஸ்டர் மெல்ல மெல்ல ஏற, அவர் காதும் கூடவே பழகியிருக்கிறது. மைக் செட் என்றால் இப்போதும் சமமாகத்தான் வைப்பேன், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். கிடார் ஆம்ப் வேறு ஜாதி என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் போட்ட 100 கே-யோடு ஒரு 39 கே-யைத் தொடுத்து ஈயம் வைத்தார் நைனா. பெரியவர் கிடாரை எடுத்து நாலு கம்பி தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த அரை மணி நேரம் வாசித்துக்கொண்டே இருந்தார். டீக்கடைப் பையன் தம்ளர்களோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

பில்லில் நைனா கண்டென்சருக்கு மட்டும்தான் காசு போட்டார். ரெசிஸ்டர் மூன்றும் என் கணக்கில் ஏறின.