பின்சீட்டில் பேசுவது முன்சீட்டில் கேட்க வேண்டும்: விமானத்துக்கு ரேடியோவும் இன்டர்காமும் வாங்கிய அனுபவம்

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து வைத்திருப்பது, இருவர் முன்னும் பின்னுமாக உட்காரும் சின்ன விமானம். எஃகுக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் துணிப் போர்வை, மூக்கில் ரோடாக்ஸ் 912 எஞ்சின். அதில் ஏற்கெனவே ஒரு ரேடியோவும், உள்ளே இருக்கும் இருவரும் ஹெட்செட் வழியாகப் பேசிக்கொள்ள ஒரு இன்டர்காமும் இருந்தன. வேலையும் செய்தன, ஒரு மாதிரியாக.

ஒருநாள் தரையிறங்கச் சுற்றி வரும்போது பின்சீட்டிலிருந்து நண்பர், “வலப்பக்கம் ஒண்ணு வருது பாரு” என்றார். என் காதில் இரைச்சலுக்கு நடுவே “பாரு” மட்டும்தான் விழுந்தது. அவர் தோளைத் தட்டிக் கை காட்டிய பிறகுதான் அந்த இன்னொரு விமானத்தைப் பார்த்தேன். இடைவெளி நிறைய இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கியதும் இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தோம். இதைச் சரிசெய்யாமல் வேறு யாரையும் பின்னால் ஏற்றுவதில்லை.

முதலில் ரேடியோவைத் தேடினேன். பழையது 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி சேனல்களை மட்டுமே எடுக்கும். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விமான அலைவரிசையில் நெரிசல் அதிகமானதால், ஒரு 25-ஐ மூன்றாகப் பிரித்து 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவில் 2018-லிருந்து ரேடியோக்களுக்கு அது பொதுவான கட்டாயம். நீங்கள் பறக்கும் இடத்தில் இன்னும் கட்டாயமில்லாவிட்டாலும், புதிதாக வாங்கும்போது 8.33 இல்லாததை வாங்காதீர்கள். ஒரு சின்ன விஷயம்: 132.000, 132.005 என்ற இரண்டு எண்களும் ஒரே அலைவரிசைதான். முன்னது 25 இடைவெளிக்கான பெயர், பின்னது 8.33-க்கான பெயர். இது தெரியாமல் பல நாள் குழம்பியிருக்கிறேன்.

அடுத்து வாட், அதாவது ரேடியோ அனுப்பும் சக்தி. 6 வாட்டா, 16 வாட்டா என்று வெகுநேரம் யோசித்தேன். கணக்குப் போட்டதும் கேள்வியே கரைந்துவிட்டது. இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. விமானத்தின் உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால், தரையில் இருப்பவருக்குக் கேட்கக்கூடிய தூரம் கடல் மைலில் கிடைக்கும். 2,500 அடியில் சுமார் 61 கடல் மைல். அதற்கு மேல் அடிவானம் மறைத்துவிடும். 61 மைலுக்கு 6 வாட் தாராளம். அதோடு அனுப்பும் சக்தி கூடினால் மின்சாரச் செலவும் கூடும். எங்களுடையது சின்ன ஜெனரேட்டர்.

இடம்தான் உண்மையில் முடிவெடுத்தது. விமானிக்கு முன்னால் கருவிகள் இருக்கும் எங்கள் பேனலில் காலியாக இருந்தது 57 மில்லிமீட்டர் வட்ட ஓட்டை ஒன்று, அதன் பின்னால் எரிபொருள் டேங்க். ஆழமான ரேடியோ எதுவும் நுழையாது. டிரிக் நிறுவனத்தின் டிஒய்91-இல் முகப்பு தனி, ரேடியோப் பெட்டி தனி. முகப்பு பேனலில், பெட்டி சீட்டுக்கு அடியில் என்று பிரித்து வைக்கலாம். அதையே எடுத்தோம். முகப்புக்குப் பின்னால் ஆழம் இருந்திருந்தால், கேஆர்டி2 போல ஒரே துண்டாக வரும் ரேடியோ ஒன்றை எடுத்திருப்போம், வயரிங் வேலை குறைந்திருக்கும்.

இன்டர்காமுக்கு வருவோம். என்னைக் கேட்டால் ரேடியோவை விட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ரேடியோவிலேயே இருவருக்கான இன்டர்காம் சேர்ந்து வரும். நாங்கள் தனிப் பெட்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்தோம். பழைய இன்டர்காமின் கோளாறை உட்கார்ந்து யோசித்தபோதுதான் காரணம் புரிந்தது. பேச்சு வந்தால் மைக்கைத் திறக்கும் வாக்ஸ் சுற்று அதில் இரண்டு மைக்குக்கும் ஒன்றே. ஒருவர் பேசினால் இரண்டு மைக்கும் திறக்கும். அப்போது அடுத்தவர் மைக் வழியாக எஞ்சின் இரைச்சல் முழுவதும் உள்ளே வந்து பேச்சின் மேல் படியும். எவ்வளவு சத்தத்துக்கு மைக் திறக்க வேண்டும் என்று வைக்கும் ஸ்குவெல்ச்சைக் கூட்டி வைத்தால் இரைச்சல் அடங்கும், ஆனால் சொல்லின் முதல் எழுத்துகள் வெட்டுப்படும். நண்பர் சொன்ன “வலப்பக்கம்” போனது அப்படித்தான். ஒவ்வொரு மைக்குக்கும் தனி வாக்ஸ் உள்ள இன்டர்காமில் பேசுபவரின் மைக் மட்டுமே திறக்கும். பிஎஸ் எஞ்சினியரிங் தன் இன்டர்காம்களில் இன்டெலிவாக்ஸ் என்று தருவது இந்த வகைதான்.

இன்னும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவில்லை. இன்டர்காமுக்கு மின்சாரம் போனால் விமானியின் ஹெட்செட் தானாக ரேடியோவோடு நேராக இணைய வேண்டும். அப்புறம், விமானத்தை ஓட்டப் பிடிக்கும் இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகளிலும் பிடிடி பட்டன், அதாவது ரேடியோவில் பேச அழுத்தும் பட்டன், இருக்க வேண்டும். பின்சீட்டுக்காரர் கை ரேடியோவுக்கு எட்டாது, பட்டனாவது எட்ட வேண்டும்.

எல்லாம் மேசைமேல் வைத்து இணைத்துப் பார்த்த அன்று நண்பரின் பழைய ஹெட்செட்டில் மைக் வேலை செய்யவில்லை. பிளக் ஒற்றை, ஹெலிகாப்டர் வகை. நமக்கு வேண்டியது இரட்டைப் பிளக். அடாப்டர் போட்டதும் பொருந்தியது, காதில் சத்தமும் வந்தது, குரல் மட்டும் போகவில்லை. அது குறைந்த மின்தடை கொண்ட டைனமிக் மைக். சாதாரண விமான ரேடியோ எதிர்பார்ப்பது, ரேடியோ தரும் 8 முதல் 16 வோல்ட்டில் இயங்கும் மைக். பிளக் பொருந்துவது வேறு, மைக் பொருந்துவது வேறு. ஹெட்செட்டை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைத் தேடியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

விமானத்தில் பொருத்தி எஞ்சினை ஓட்டியதும் காதில் “ஊ” என்று ஒரு ஓலம். எஞ்சின் வேகத்தோடு அதுவும் ஏறியது. டிக் டிக் என்று வந்தால் இக்னிஷன் பக்கம் பார்க்கலாம். இப்படி ஓலம் வந்தால் சார்ஜிங் பக்கம், அல்லது தரை இணைப்பு. எஞ்சின் ஓடும்போதே ஹெட்போன் ஜாக்கைச் சட்டகத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்தேன், ஓலம் நின்றுவிட்டது. ஜாக்கின் உலோகம் எஃகுக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. சார்ஜிங் மின்னோட்டத்தின் ஒரு பகுதி குழாய் வழியாக ஹெட்போன் கம்பிக்குள் புகுந்துகொண்டிருந்தது. மைக், ஹெட்போன் ஜாக்குகள் இரண்டுக்கும் பிளாஸ்டிக் வாஷர் போட்டுப் பிரித்தோம். கம்பிகளின் மேலுறைக் கவசத்தை இன்டர்காம் முனையில் மட்டும் தரையோடு இணைத்து, மறுமுனையைச் சும்மா விட்டோம். அதோடு தீர்ந்தது.

ஆன்டெனாதான் கடைசியாகச் சோதித்தது. 127 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 59 சென்டிமீட்டர். அந்தக் கம்பிக்கு அடியில் உலோகப் பரப்பு வேண்டும். அலுமினிய விமானத்தில் அதன் உடலே அந்தப் பரப்பு. துணிப் போர்வைக்குள் அது கிடையாது. ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எஸ்டபிள்யூஆர் (1 என்றால் முழுப் பொருத்தம்) மீட்டரில் 3 காட்டியது. அதாவது அனுப்பும் சக்தியில் கால் பங்கு திரும்பி வருகிறது. துணிக்கு உள்பக்கம், ஆன்டெனாவின் அடியிலிருந்து 59 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு அலுமினியத் தகட்டுப் பட்டைகளை நான்கு திசையில் பரப்பினோம். பழைய கேபிளையும் மாற்றி, இரட்டைக் கவசம் கொண்ட ஆர்ஜி-400 போட்டோம். எஸ்டபிள்யூஆர் 1.6-க்கு இறங்கியது.

அப்படியும் முதல் பறப்பில் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, குரல் மெலிதாக இருப்பதாகச் சொன்னார்கள். விமான ரேடியோ ஏஎம் வகை, அதாவது குரலுக்கு ஏற்ப அலையின் வீச்சு கூடிக் குறையும். எதிர்முனையில் கேட்கும் சத்தம், வாட்டை விட மைக் எவ்வளவு பலமாகக் குரலைக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. என் காதில் என் குரலே திரும்பக் கேட்கும் சைட்டோன் அளவு மிக அதிகமாக இருந்ததால், என்னை அறியாமல் மெதுவாகப் பேசியிருக்கிறேன். சைட்டோனைக் குறைத்து, மைக்கின் அளவைக் கொஞ்சம் ஏற்றி, மைக்கை உதட்டைத் தொடும் அளவுக்கு நெருக்கி வைத்தேன். இரண்டாவது பறப்பில் 2,000 அடியில் ஒரு வட்டம் அடித்து, நான்கு திசையிலும் மூக்கைத் திருப்பிக் கேட்டேன். விமானத்தின் உடல் ஒரு பக்கம் அலையை மறைக்கலாம், ஒரே திசையில் சோதித்தால் தெரியாது. நான்குக்கும் பதில் ஒன்றே: தெளிவு 5, அதாவது ஐந்துக்கு ஐந்து.

எஞ்சினைச் சீராகப் பறக்கும்போதுள்ள வேகத்தில் வைத்து இன்டர்காமின் ஸ்குவெல்ச்சைச் சரிசெய்து, குமிழின் அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டோம். அடுத்த ஞாயிறு நண்பர் பின்னால் ஏறினார். புறப்பட்டுச் சிறிது நேரத்தில், “வலப்பக்கம் மேகத்துக்குக் கீழ ஒண்ணு, நமக்கு மேல போகுது” என்றார். எல்லாச் சொல்லும் கேட்டது. “பார்த்துட்டேன்” என்றேன்.