முதலில் படம், பிறகுதான் ஊசி: புராஸ்டேட் பயாப்ஸிக்குப் போகிறவர்களுக்கு

ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி விடும் ஒரு புரதம்) கூடியிருக்கிறது என்றதுமே பயாப்ஸிக்கு, அதாவது ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் புற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, தேதி வாங்க ஓடாதீர்கள். முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பிறகுதான் ஊசி. வரிசை மாறினால், ஊசி பட்ட இடங்களில் கசிந்த ரத்தம் வாரக்கணக்கில் சுரப்பிக்குள் தங்கி, படத்தில் கட்டியைப் போலவே கறுத்துத் தெரியும். அப்புறம் தெளிவான படம் வேண்டுமென்றால் 6 முதல் 8 வாரமாவது பொறுக்க வேண்டும்.

பி.எஸ்.ஏ. எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று இருந்தால் ஏறும். குணமாகிச் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் இறங்கியிருக்கும். புராஸ்டேட் வீக்கத்துக்கோ முடி உதிர்வுக்கோ தரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையை 6 மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு எண் ஏறத்தாழப் பாதியாகக் காட்டும். 3 என்று வந்தால் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரையைச் சொல்ல மறப்பவர்கள் நிறைய.

எம்.ஆர்.ஐ.க்குப் போகுமுன் மலம் கழித்துவிடுங்கள். மலக்குடலில் வாயு நின்றால் படம் கோணிவிடும். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும்; எண் கூடக் கூடப் புற்றுச் சந்தேகம் கூடும். 4, 5 என்றால் பயாப்ஸி தேவை. 3 வந்தால்தான் குழப்பம். அப்போது பி.எஸ்.ஏ.வைச் சுரப்பியின் கன அளவால் வகுத்துப் பாருங்கள். பி.எஸ்.ஏ. 6, சுரப்பி 30 மி.லி. என்றால் 0.2, அதே 6, சுரப்பி 60 மி.லி. என்றால் 0.1. விடை 0.15-ஐத் தாண்டினால் சந்தேகம் கூடுகிறது.

படத்தில் தெரிந்த இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோக மூன்று வழி உண்டு. டாக்டர் படத்தை மனதில் வைத்துக்கொண்டு அல்ட்ராசவுண்டில் தேடிக் குத்துவது, எம்.ஆர்.ஐ. படத்தை அல்ட்ராசவுண்ட் மேல் கணினி பொருத்திக் காட்டும் ஃப்யூஷன்; எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே வைத்து எடுப்பது. உங்களுக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2018-இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகம் தெரிந்தால் மட்டும் குறிபார்த்து ஊசி போட்ட குழுவில் 38 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் வகைப் புற்று பிடிபட்டது. எம்.ஆர்.ஐ. இல்லாமல் அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்து எடுக்கும் பழைய முறையில் 26 சதவீதம்தான்.

ஃப்யூஷனும் தவறும். காரணம் எளிது: எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சுரப்பி இயல்பான வடிவில் இருந்தது. இப்போது மலக்குடலுக்குள் இருக்கும் அல்ட்ராசவுண்ட் புரோப் (குழாய் போன்ற கருவி) அதை அழுத்துகிறது. நீங்கள் கொஞ்சம் அசைந்தாலும் பொருத்தம் விலகிவிடும். சின்னக் கட்டிக்குச் சில மில்லிமீட்டர் விலகலே போதும், ஊசி பக்கத்தில் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு கட்டியிலிருந்தும் 3, 4 துண்டு எடுப்பதும், பெரும்பாலும் மற்றப் பகுதிகளிலிருந்து 12 வரை எடுப்பதும். மரப்பு ஊசி போட்ட பிறகு வலி குறைவுதான். ஆனால் ஊசியைச் செலுத்தும் பயாப்ஸி கன் 'டக்' என்று வெடிக்கும்போது உடம்பு தூக்கிப்போடும். முதல் துண்டுக்கு முன் ஒருமுறை வெறுமனே அழுத்திச் சத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்தச் சின்ன விஷயம் உண்மையிலேயே உதவுகிறது. வெளியே வருவது ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் மெல்லிய நூல் போன்ற சதை.

ஊசி மலக்குடல் வழியாகப் போனால் அங்குள்ள கிருமியும் கூடவே போகும், ஆன்டிபயாடிக் கட்டாயம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக எடுத்தால் தொற்று மிகக் குறைவு. வசதி இருந்தால் அதையே கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் க்ளோபிடோக்ரெலைக் கேட்காமல் விட்டால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம்.

பிறகு சிறுநீரில் சில நாள் ரத்தம் வரும். விந்தில் பல வாரம் பழுப்பாகத் தெரியும். இவை தானாகச் சரியாகும். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் அப்படியே.

ரிப்போர்ட் வந்ததும் 'புற்று இல்லை' என்ற வரியோடு நிறுத்தாதீர்கள். படத்தில் பைராட்ஸ் 5, துண்டிலோ ஒன்றுமில்லை என்றால் ஊசி குறி தவறியிருக்கலாம். படத்தையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்; தேவைப்பட்டால் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.