மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம்

ஒரு திட்டம் வந்தால் சுற்றியுள்ள நிலம், நீர், காற்றுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணித்து எழுதுகிற சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வேலைக்கு வந்து பல வருடம் ஆகிறது. ஆனாலும் 2018 கோடையில் பார்த்த ஒரு மனை இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தெற்கே, சுமார் 10 ஹெக்டேர், 1,200 வீடுகள் கட்டத் திட்டம். கட்டடப் பரப்பு 1,50,000 சதுர மீட்டரைத் தாண்டியதால் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முழு அறிக்கை தர வேண்டும். இந்த வகைத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. அதனால் பக்கத்துத் தெருக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை நாங்களாகப் போய்க் கேட்டால்தான் உண்டு.

கட்டுவதற்கு முன் காற்று, நீர், மண் எப்படி இருக்கின்றன என்ற அடிப்படைத் தரவுகளை மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவத்தில் எடுக்கச் சொல்கிறார்கள். காற்றுக்கு இது சரிதான், மழை பெய்தால் தூசி அடங்கிவிடும், உண்மையான மாசு தெரியாது. ஆனால் சென்னையில் தண்ணீரைப் பற்றி எழுத வேண்டியதெல்லாம் அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. நாங்கள் மார்ச் முதல் மே வரை அங்கே இருந்தோம். நிலம் வெடித்துக் கிடந்தது, ஓரத்தில் மாடு மேய்ந்தது. மண் மாதிரி எடுக்கத் துளை போட்டபோது ஒரு முழம் ஆழத்தில் கறுப்புக் களிமண், அதற்குள் நத்தைக் கூடுகள். கையில் வைத்து நசுக்கினால் பொடிப்பொடியாகிற வெள்ளைக் கூடுகள். தண்ணீர் நிற்கிற இடம் என்று அந்த மண்ணே சொல்லிவிட்டது. ஆவணத்தில் அது பட்டா நிலம், அவ்வளவுதான்.

எதிர்த்தெருவில் ஒரு அம்மாவின் ஓட்டு வீடு. சுவரில் நெஞ்சளவுக்கு ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே சுண்ணாம்பு உரிந்திருந்தது. "2015-ல இங்க வரைக்கும் நின்னுச்சு தம்பி. நாலு நாள்ல வடிஞ்சிருச்சு, உங்க நிலத்து வழியாத்தான் போச்சு" என்றார். 'உங்க நிலம்' என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

அந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு அவர் சொன்னது புதிதில்லை. தென்சென்னையில் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போகிறது. வழியில் கிடக்கிற ஒவ்வொரு தாழ்ந்த நிலமும் கொஞ்ச நேரம் தண்ணீரைத் தாங்கி வைத்துக்கொள்கிறது. 10 ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே விழுவது 1 கோடி லிட்டர். மேலேயிருந்து வருகிற நீர் தனிக் கணக்கு.

திட்டத்தில் இதற்கு வைத்திருந்த தீர்வு, மனையை ஒன்றரை மீட்டர் கிராவல் அடித்து உயர்த்துவது. மனைக்குள் வெள்ள அபாயம் இல்லை என்று எழுதினால் அது பொய்யில்லை. வேலிக்கு வெளியே என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அந்தக் கோட்டின் உயரம், புகைப்படம், தண்ணீர் போன திசை எல்லாவற்றையும் வடிகால் அத்தியாயத்தில் வைத்து, கிழக்கு ஓரத்தில் கட்டடமே இல்லாமல் ஒரு அகலமான நீர்வழியை விட வேண்டும் என்று எழுதினேன். இரண்டு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் புகைப்படம் பின்னிணைப்புக்குப் போனது, நீர்வழி மூடிய கான்கிரீட் வடிகாலாக மாறியது. அப்போதே நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். கழிவுநீர் சுத்திகரிப்பு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், சூரிய விளக்கு என்று மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, அனுமதியும் வந்தது.

2022-ல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்ணீர் வடிந்த பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். எதிரே கோபுரம் கோபுரமாக வீடுகள், மதில் சுவர், கீழே அந்த வடிகாலின் வாய் குப்பையும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தது. அம்மாவின் சுவரில் புதுக் கோடு பழையதைவிட நாலு விரல் கீழேதான் இருந்தது. உயரத்தைக் குறித்துக்கொண்டு, "எத்தனை நாள்மா நின்னுச்சு?" என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்து ஒன்பது நாள் என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.