பந்தயக் காசில் குடும்பம் நடத்துவது: வரி இல்லை, பதிவும் இல்லை

நான் குதிரைகள் மேல் பந்தயம் கட்டிச் சீவிப்பவன். 2020 மார்ச் 18ஆம் திகதி பிரிட்டனில் குதிரைப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. ஜூன் 1ஆம் திகதி நியூகாசிலில் மறுபடி தொடங்கும் வரைக்கும், பத்து வாரத்துக்கு மேல், எங்கள் வீட்டில் மனைவியின் சம்பளம் மட்டும்தான்.

அந்த நாட்களில் தெரிந்தவர்கள் பலருக்கும் அரசாங்கத்திடமிருந்து ஏதோ ஒரு உதவி வந்தது. வேலை நின்றுபோனவர்களுக்கு ஃபர்லோ: சம்பளத்தில் 80 வீதம், மாதம் 2,500 பவுண் வரைக்கும். சுயதொழில் செய்பவர்களுக்கு வேறு திட்டம், அதற்கு முன்பே சமர்ப்பித்த வரிக் கணக்கு இருக்க வேண்டும். டாக்சி ஓடும் என் மச்சானுக்கு அது கிடைத்தது. நான் இணையத்தில் விதிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் யாரிடமும் வேலை செய்பவன் இல்லை. சுயதொழில்காரனும் இல்லை. வேலை இழந்தவன் என்று பதியவும் இல்லை. ஒரு வருடமாக நான் உழைத்ததற்கு அரசாங்கத்திடம் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. "அப்ப உங்கள அவையளுக்குத் தெரியாதோ?" என்று மனைவி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் லண்டனுக்கு வந்தது 2001இல். முதலில் பெற்றோல் ஷெட், பிறகு ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணினி உதவி வேலை. குதிரைப் பந்தயத்தை 2012இலிருந்து இரவு நேரங்களில் படித்தேன். 2016இலிருந்து ஒவ்வொரு பந்தயத்தையும் எக்செல்லில் பதிந்தேன். மூன்று வருடக் கணக்கும் இலாபத்தில் நின்ற பிறகு, 2019 மார்ச்சில் வேலையை விட்டேன். நான் செய்வது பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சில், பந்தயம் கட்டுபவர்கள் ஒருவரோடொருவர் மோதும் இணையத் தளத்தில், லே போடுவது. அதாவது, விலை (வென்றால் கிடைக்கும் விகிதம்) தகுதிக்கு மேல் குறைந்துபோன ஒரு குதிரை வெல்லாது என்று பந்தயம் கட்டுவது. புக்கிகளிடம், அதாவது பந்தயம் ஏற்கும் நிறுவனங்களிடம், தொடர்ந்து வென்றால், சில பென்ஸுக்கு மேல் கட்ட முடியாதபடி கணக்கைக் குறுக்கிவிடுவார்கள், அதனால் எக்ஸ்சேஞ்சை விட்டால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இதை யாருக்கும் நான் சிபாரிசு செய்யவில்லை. என்னோடு தொடங்கியவர்களில் ஒருவர்கூட இன்று இதில் இல்லை. சிலருக்கு வீடே போனது.

வேலையை விட்டவுடன் நான் செய்த முதல் காரியம், ஹரோவில் எங்களவர் ஒருவரான கணக்காளரிடம் போனது. ஒழுங்காக வரி கட்டிவிடலாம் என்றுதான் போனேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "தம்பி, நீங்கள் நிரப்புறதுக்கு வரிப் படிவத்தில ஒரு பெட்டி இல்லை." 1925இல் கிரகாம் எதிர் கிரீன் என்ற வழக்கு. வீட்டிலிருந்தபடி குதிரைகள் மேல் பந்தயம் கட்டி, அதிலேயே சீவித்த ஒரு மனிதர். அவருடைய வருமானம் தொழில் வருமானம் அல்ல, ஆகவே வரி இல்லை என்று நீதிபதி ரோலட் தீர்ப்பளித்தார். புக்கி நடத்துபவருக்கு வரி உண்டு, பந்தயம் கட்டுபவருக்கு இல்லை. ஒருவர் ஒரு முறையை வைத்துப் பந்தயம் கட்டினாலும், அதில் சீவிக்கும் அளவுக்கு வென்றாலும், அது தொழிலாகிவிடாது என்று வரித் திணைக்களத்தின் சொந்தக் கையேடே சொல்கிறது. நான் வந்த வருடம் வரைக்கும் பந்தயக் கடையில் 9 வீதம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2001 ஒக்டோபரில் அதுவும் போனது. இப்போது வரியெல்லாம் புக்கிகளின் தலையில்.

சென்னையில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி இதைக் கேட்டு நம்பவில்லை. அங்கே வென்ற காசுக்கு நேராக 30 வீதம், தோற்றதைக் கழிக்கவும் முடியாது. அதனால் இதை வாசிப்பவர்கள் நான் சொல்வது பிரிட்டனுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்காளர் அன்று சொன்னதில் பாதியைத்தான் நான் கேட்டேன். வரி இல்லை என்பதைக் கேட்டேன். "அப்ப தேசியக் காப்புறுதியும் இல்லை, யோசியுங்கோ" என்றதைக் கேட்கவில்லை. அரச ஓய்வூதியம் அந்தக் காப்புறுதிப் பதிவில்தான் தங்கியிருக்கிறது. கோவிட் முடிந்து, பந்தயங்கள் தொடங்கி, வருமானம் திரும்பியதும் அதை மறுபடி மறந்தேன். 2023 பெப்ரவரியில்தான் அரசாங்க இணையதளத்தில் என் தேசியக் காப்புறுதிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். 2002-03இலிருந்து 2018-19 வரை 17 வருடங்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே நிறைந்த வருடம் என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் நிறையாத வருடம். புதிய அரச ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க 35 வருடம் வேண்டும், குறைந்தது 10 இருந்தால்தான் எதுவும் கிடைக்கும். பத்து எனக்கு இருந்தது. ஆனால் மேலே ஏறும் வழி அடைபட்டிருந்தது.

அடைத்த ஓட்டைகளை வரிசையாகச் சொல்கிறேன், இதுதான் பலருக்கும் பயன்படும்.

குழந்தைக் கொடுப்பனவு எங்கள் வீட்டில் மனைவியின் பெயரில் வந்தது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தக் கொடுப்பனவைப் பெறுபவருக்குத் தேசியக் காப்புறுதிப் பதிவும் சும்மா கிடைக்கும். மனைவி வேலை செய்வதால் அவருக்கு அந்தப் பதிவு தேவையே இல்லை. வீணாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் இருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் நான்தான். அந்தப் பதிவைத் துணைக்கு மாற்றுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. சின்னவளுக்கு அப்போது 11 வயது. 2021-22, 2022-23 இரண்டு வருடமும் அப்படி என் பெயருக்கு வந்தன, ஒரு பென்ஸ் செலவில்லாமல். இதை 2019இலேயே யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது. பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் எங்கள் அப்பாமார், அம்மப்பா அம்மம்மாமார் எத்தனை பேருக்கு இது தெரியும்? பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதே போல ஒரு வழி இருக்கிறது. தயவுசெய்து விசாரியுங்கள்.

மற்ற இரண்டு வருடத்துக்கும், 2019-20க்கும் 2020-21க்கும், மூன்றாம் வகுப்புக் கட்டணம் கட்டினேன், அதாவது விடுபட்ட வருடத்தை நிரப்ப விரும்பிக் கட்டும் தேசியக் காப்புறுதிக் கட்டணம். வருடத்துக்குச் சுமார் 800 பவுண். பெரிய தொகைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2024-25இல் முழு ஓய்வூதியம் கிழமைக்கு 221.20 பவுண். 35ஆல் பிரித்தால் ஒரு வருடப் பதிவுக்குக் கிழமைக்கு 6.32 பவுண், வருடத்துக்கு 328க்கு மேல். மூன்று வருடம் ஓய்வூதியம் வாங்கினாலே போட்ட காசு திரும்பிவிடும். எக்ஸ்சேஞ்சில் இந்த விலை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அதே கிழமையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வரிக்குட்பட்ட வருமானம் இல்லாதவர் தன்னுடைய வரி விலக்கில் 1,260 பவுணை கணவன் அல்லது மனைவிக்கு மாற்றிக் கொடுக்கலாம். மற்றவர் அடிப்படை வீதத்தில் வரி கட்டுபவராக இருக்க வேண்டும். வருடத்துக்கு 252 பவுண் மிச்சம். பழைய நான்கு வருடம் வரைக்கும் பின்னோக்கிக் கேட்கலாம். விண்ணப்பிக்க வேண்டியது குறைந்த வருமானம் உள்ளவர், அதாவது நான். எங்களுக்கு எல்லாமாக ஆயிரம் பவுணுக்குச் சற்று மேல் வந்தது. மூன்றாம் வகுப்புக் கட்டணத்தில் பாதிக்கு மேல் அதிலேயே சமாளித்தோம்.

2023-24இலிருந்து நிலைமை வேறு. ஒரு பந்தயச் சந்தாக் கடிதத்துக்கு வாரம் ஒருமுறை ஹண்டிகாப் பந்தயங்களை (திறமைக்கு ஏற்ப ஒவ்வொரு குதிரைக்கும் வேறு எடை சுமத்தும் பந்தயங்களை)ப் பற்றி ஆய்வு எழுதத் தொடங்கினேன். வருடத்துக்கு 2,200 பவுண் அளவில் வருகிறது. இது வெற்றிப் பணம் அல்ல, உழைப்புக்குக் கூலி, ஆகவே வரிக்கு உட்பட்டது. 1,000 பவுணுக்கு மேல் போனால் சுயதொழில் என்று பதிந்து கணக்குக் கொடுக்க வேண்டும். வரி ஒன்றும் வரவில்லை, விலக்குக்குள் அடங்கிவிட்டது. ஆனால் பதிந்ததால் சுயதொழில்காரருக்கான இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை விரும்பிக் கட்டும் உரிமை வந்தது. கிழமைக்கு 3.45 பவுண், வருடத்துக்கு 179.40. மூன்றாம் வகுப்பில் அதே வருடம் 907.40! இரண்டுமே அரச ஓய்வூதியத்துக்கு ஒரே மதிப்பு. கணக்காளர் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார்: எழுத்துக் காசும் பந்தயக் காசும் ஒரே வங்கிக் கணக்குக்குள் வரக் கூடாது, ஒன்று மற்றதின் பகுதி என்று யாரும் வாதாட இடம் வைக்கக் கூடாது. தனிக் கணக்குத் திறந்தேன்.

தனியார் ஓய்வூதியத்திலும் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. உழைப்பு வருமானமே இல்லாவிட்டாலும் வருடத்துக்கு 2,880 பவுண் போடலாம், அரசாங்கம் 720 சேர்த்து 3,600 ஆக்கும். வரியே கட்டாதவனுக்கும் அந்த 720 வருகிறது. ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்கும் வருமானச் சான்று கேட்பதில்லை, வருடத்துக்கு 20,000 வரை போடலாம். சேமிப்பு வட்டி மட்டும் வேறு கதை. வென்ற காசுக்கு வரி இல்லை, அந்தக் காசு ஈட்டும் வட்டிக்கு உண்டு. என்னைப் போல வேறு வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்குகள் தாராளம் என்பதால் இதுவரை கட்ட வேண்டி வரவில்லை.

அப்புறம் வீடு. இதில்தான் மிகவும் களைத்துப்போனேன்.

முதலில் அணுகிய கடன் நிறுவனம் இரண்டு வருட வரிக் கணக்குச் சுருக்கம் கேட்டது. என்னிடம் இருந்தது 2,200 பவுணுக்கான ஒன்று மட்டும். எக்செல் பதிவுகளை அனுப்பினேன், அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது இடத்தில் என் வங்கி அறிக்கையில் பந்தயப் பரிமாற்றங்களைக் கண்டதும் மனைவியின் விண்ணப்பத்தையே நிராகரித்தார்கள். மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறார், 39,000 பவுண் சம்பளம், ஒருநாளும் ஒரு தவணை தவறியதில்லை. அன்று இரவு அவர் ஒன்றும் கதைக்கவில்லை. என்னால் அவருடைய பெயருக்கு ஒரு நிராகரிப்பு.

ஒரு தரகர்தான் வழி காட்டினார். வருமானம் என்று மனைவியின் சம்பளத்தை மட்டும் காட்டுங்கள், நாலரை மடங்குக்குள் கடனை அடக்குங்கள், மிச்சத்தை முன்பணமாகக் கொண்டு வாருங்கள். லண்டனை விட்டு லூட்டனில் பார்த்தோம். 262,000க்கு ஒரு வீடு, 165,000 கடன், 97,000 எங்கள் காசு. குடும்பச் செலவுக் கணக்கையும் பந்தயக் கணக்கையும் ஆறு மாதத்துக்கு முன்பே முற்றாகப் பிரித்தோம். ஒளிப்பதற்காக அல்ல. தரகரிடமும் கடன் கொடுத்தவர்களிடமும் முன்பணம் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் சொன்னோம்.

வழக்கறிஞர் அந்த 97,000 பவுணுக்கும் மூலம் கேட்டார். பணச் சலவைச் சட்டம் அவரை அப்படிக் கேட்க வைக்கிறது. எக்ஸ்சேஞ்ச் அறிக்கைகள், அங்கிருந்து வங்கிக்கு வந்த ஒவ்வொரு தொகை, வங்கியிலிருந்து ஐசாவுக்குப் போன ஒவ்வொரு தொகை என்று 212 பக்கம் கொடுத்தேன். ஒரு தொகைக்கு மட்டும் தொடர்பு காட்ட முடியவில்லை: 2019இல் எனக்குக் கடன் தர வேண்டிய நண்பர் கையில் கொடுத்த 1,500. அதைத் தேடி மூன்று கிழமை போனது. கடைசியில் அந்தத் தொகையை முன்பணத்திலிருந்து எடுத்துவிட்டு, மனைவியின் சேமிப்பிலிருந்து போட்டோம். 2016இலிருந்து நான் ஒரு நாளும் பதிவை விடாததால்தான் மற்றதெல்லாம் தேறியது.

மாதச் செலவை எப்படி நடத்துகிறோம் என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு முதலாம் திகதியும் வீட்டுக் கணக்குக்கு 1,900 பவுண் போகும். வென்ற மாதமும் அதுதான், தோற்ற மாதமும் அதுதான். பந்தயத்துக்கான மூலதனம் 25,000, அதை வீட்டுக்காகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கில் எட்டு மாதச் செலவை வைத்திருக்கப் பார்ப்பேன். 2021 நவம்பரிலிருந்து 2022 பெப்ரவரி வரை நான் 9,400 பவுண் தோற்றேன். நாலு மாதம், ஒவ்வொரு மாதமும் சிவப்பு. பந்தயத் தொகையைக் கூட்டி இழந்ததைப் பிடிக்கச் சொல்லும் ஒரு குரல் எல்லோருக்குள்ளும் வரும், எனக்கும் வந்தது. வீட்டுக்கு 1,900 வழமைபோலப் போய்க்கொண்டிருந்ததால் அந்தக் குரலுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுக் கணக்கு நாலு மாதத்துக்குக் கீழே இறங்கினால் வேலை தேடுவது என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடவுச்சொல் அவரிடமும் இருக்கிறது. எந்த நேரமும் திறந்து பார்க்கலாம், பார்க்கிறார்.

வருமானக் காப்புறுதி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கேட்ட இடங்களில் எல்லாம் உழைத்த வருமானத்துக்குச் சான்று கேட்கிறார்கள். எனக்கு ஏதாவது நடந்தால் கடன் அடைய, ஆயுள் காப்புறுதி எடுத்திருக்கிறோம். அதற்குச் சம்பளச் சீட்டுக் கேட்கவில்லை.

2024-25க்கான கணக்கைச் சமர்ப்பித்து 179.40 பவுண் கட்டினேன். பதிவில் இப்போது 23 வருடம் நிறைந்திருக்கிறது. இன்னும் 12. அடுத்ததற்குக் கிழமைக்கு 3.50 ஆக்கியிருக்கிறார்கள், 182 பவுண். அதை எடுத்து வைத்தாயிற்று.