குதிரை நாள்காட்டியும் 13 அத்தியாயங்களும்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எனக்குச் சொந்தம். மளிகைக்கடையில் இனாமாகக் கிடைத்த குதிரை நாள்காட்டி (குதிரைப் பந்தய நாள்களைக் குறித்திருக்கும் சுவர் நாள்காட்டி), படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப்பள்ளி முதல் வகுப்புக் கணிதப் பாடநூல், போன வருடத்துக் குறிப்பேடு, பென்சில், அழிப்பான், ஆறிப்போன தே ஓ (பால் சேர்க்காத தேநீர்). மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி சாப்பிட வேண்டியதுதான்.

"அதான் ரெடியா வந்திருச்சே, பிரிண்ட் எடுத்தா போதாதா?" என்று வீட்டுக்காரர் வருடா வருடம் கேட்பார்.

வந்ததென்னவோ உண்மை. ஆண்டுப் பாடத்திட்டத்தை இங்கே மலேசியாவில் எல்லா ஆசிரியர்களும் ஆர்பிடி என்றுதான் சொல்வார்கள். பள்ளி திறக்கும் முன்பே யாராவது ஒரு புண்ணியவான் அதைத் தட்டச்சு செய்து டெலிகிராமில் போட்டுவிடுவார். 13 அத்தியாயங்களும் வாரவாரியாக அடுக்கியிருக்கும், கற்றல் தரங்களுக்கு எண் போட்டிருக்கும், விடுமுறைகளுக்கு மஞ்சள் நிறம் பூசியிருக்கும். அதை நானும் அச்செடுத்துக் கோப்பில் வைப்பேன், யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டுமே. ஆனால் அதில் எல்லா வாரமும் ஒரே எடை. வகுப்பில் அப்படி இல்லை என்பது ஒரு தவணை பாடம் எடுத்தவருக்கே தெரியும்.

அதனால் நான் முதலில் திறப்பது பாடநூலை அல்ல, நாள்காட்டியை.

இந்த முறை நாள்காட்டியைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு மார்ச்சில் தொடங்கி, பிப்ரவரிக்கு நகர்ந்த பள்ளி ஆண்டு ஒருவழியாக ஜனவரிக்கே திரும்பிவிட்டது. 2026 ஜனவரி 12, திங்கட்கிழமை. அதிலிருந்து எண்ணினால் சீனப் பெருநாளுக்கு முன்னால் ஐந்து வாரம். அந்த ஐந்தில் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. பினாங்கில் அது பொது விடுமுறை என்பதால் திங்களும் போய்விடும். ரதம் கோயிலுக்குத் திரும்பும் வரை தெருவில் நின்ற பிள்ளைகளிடம் செவ்வாய்க்கிழமை பின்னத்தைப் பற்றிப் பேசினால் நமக்குத்தான் பாவம். பிப்ரவரி 17 சீனப் பெருநாள். அது முடிந்த கையோடு, 19-ஆம் தேதி வாக்கில் நோன்பு தொடங்கும். நோன்புப் பெருநாள் மார்ச் மூன்றாம் வாரத்தில். ஆக, முதல் மூன்று மாதமும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

எங்களுக்குக் கணிதம் வாரத்துக்கு ஐந்து பாடவேளை, ஒன்று 30 நிமிடம். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், 32 வாரம் என்று வைத்தால் 80 மணி நேரம். ஒரு வருடப் பாடம் மொத்தமும் 80 மணி நேரத்துக்குள்! இதில் விளையாட்டுப் போட்டி, பல் மருத்துவக் குழு, கூட்டம், வெள்ளம் எல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை முதல் நாளே மாணவர்களிடமும் போட்டுக் காட்டுவேன். யாரோ ஒருவன் கட்டாயம் "அவ்ளோதானா டீச்சர்?" என்பான்.

இப்போது பாடநூலுக்கு வருகிறேன். முதல் அத்தியாயம் விகிதமுறு எண்கள். மலாயில் நொம்போர் நிஸ்பா. எதிர்ம எண், பின்னம், தசமம் மூன்றும் இதற்குள்தான். தயாராக வந்த திட்டம் இதற்கு மூன்று வாரம் கொடுக்கிறது. நான் ஐந்து வாரத்தையும் கொடுக்கப்போகிறேன், சீனப் பெருநாள் வரைக்கும் இது ஒன்றுதான். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு என் முதல் வாரத் தாளைக் காட்டுவேன்.

பத்தே கேள்வி, மதிப்பெண் கிடையாது. 0.35, 0.4 இரண்டில் எது பெரியது? அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால்? 7-க்கும் −2-க்கும் வித்தியாசம் எவ்வளவு? இப்படிப் போகும். போன வருடம் 35 பேர் வகுப்பில் பாதிக்கு மேல் 0.35-தான் பெரியது என்று எழுதியிருந்தார்கள். 35 நாலைவிடப் பெரியதுதானே! தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பையன் ஒருவனை மேசைக்கு அழைத்தேன். (இங்கே ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், நூறு சென்.)

"0.4 வெள்ளின்னா எவ்ளோ காசு?"

"நாலு சென், டீச்சர்."

"0.35 வெள்ளி?"

"முப்பத்தஞ்சு சென்."

கால்குலேட்டரைக் கொடுத்து 20 சென்னை இரண்டு முறை கூட்டச் சொன்னேன். 0.20, கூட்டல், 0.20, சமம். திரையில் 0.4 என்று வந்தது. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கால்குலேட்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். "சைபர் எங்க டீச்சர் போச்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம், கொடுத்தேன். இதற்கெல்லாம் மூன்று வாரத் திட்டத்தில் இடம் இல்லை.

அந்த 7, −2 கேள்வி எனக்கே ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் கூட்டுத்தொகை, பெருக்குத்தொகை, வித்தியாசம் என்று படித்த பிள்ளைகள், இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் மலாயில் ஹாசில் தம்பா, ஹாசில் டாராப், பேஸா என்று மாற வேண்டும். கணக்கு தெரியும், சொல் தெரியாது. நானும் அப்படி வந்தவள்தான். இன்றைக்கும் மனக்கணக்கு என்றால் எனக்குள் 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்றுதான் ஓடும். அதனால் ஒரு தமிழ்ப் பெண் அந்தக் கேள்விக்கு 5 என்று எழுதியதும், பேஸா என்ற சொல்தான் இடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்கினேன், எண்கோடு போட்டேன். ஏழிலிருந்து பூஜ்யம் வரை ஏழு, அதற்கும் கீழே இரண்டு, ஆக ஒன்பது. புரிந்துகொண்டாள். எனக்கும் பெருமை. அப்புறம் மற்ற தாள்களைத் திருத்தினால், மலாயைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகளிலும் பத்துப் பேர் 5 என்றே எழுதியிருக்கிறார்கள். −2-இன் கழித்தல் குறியைப் பார்த்ததும் கை தானாகக் கழித்துவிடுகிறது. அதற்கு மொழி என்ன செய்யும்?

அதிலிருந்து இரண்டையும் பிரித்து எழுதுகிறேன். திட்டத்தின் ஓரத்தில் 'சொல்' என்று ஒரு பத்தி, 'கணக்கு' என்று ஒரு பத்தி. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எந்தச் சொல் இடிக்கும், எந்தக் கணக்கு இடிக்கும் என்று தனித்தனியாக. நாலாம் அத்தியாயத்தில் நிஸ்பா (விகிதம்), காடார் (வீதம்), காடாரான் (விகிதசமம்) மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அங்கே காடாரையும் காடாரானையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை, தாய்மொழி எதுவானாலும்.

(மொழி விஷயத்தில் என் கதையே ஒரு கூத்து. தமிழில் எண் கற்று, மலாயில் இடைநிலைக் கல்வி முடித்து, 2003-இல் வேலைக்குச் சேர்ந்தால் அந்த வருடம்தான் படிவம் ஒன்றுக்குக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. இராத்திரி முழுக்க அகராதியோடு உட்கார்ந்து பாடம் தயாரித்தேன். பிறகு 2012-இலிருந்து படிப்படியாக மறுபடியும் மலாய். அந்த அகராதி இப்போது மேசைக்கால் ஆடாமல் இருக்க உதவுகிறது.)

எதிர்ம எண்ணுக்கு நான் வைத்திருக்கும் ஒரே ஆயுதம் என் தாத்தாவின் மளிகைக்கடை. பினாங்கில் பிறை என்ற ஊரில் இருந்தது, இப்போது இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் 555 புத்தகங்கள் தொங்கும். உள்ளங்கை அளவு நோட்டு, வீட்டுக்கு ஒன்று, கடன் எழுத. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பிள்ளைகளுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது, அவர்களுக்கு 'பே லேட்டர்' தெரிகிறது, 555 தெரியவில்லை.

ஓர் அம்மா கையில் 5 வெள்ளி இருக்கிறது. 555-இல் 3 வெள்ளி கடன். அவர் உண்மையில் எவ்வளவு வைத்திருக்கிறார்? 2 வெள்ளி. தீபாவளி வருகிறது, தாத்தா மனம் இளகி அந்த 3 வெள்ளித் தாளைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். இப்போது? 5 வெள்ளி. இதைப் பலகையில் 2 − (−3) = 5 என்று எழுதுவேன். கடனை எடுத்தால் கையிருப்பு கூடுகிறது. மூன்று வெள்ளிக் கடன்தாள் இரண்டைக் கிழித்தால் ஆறு வெள்ளி இலாபம், அதுதான் (−2) × (−3). 'கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் கூட்டல்' என்ற மந்திரத்தை மட்டும் என் வகுப்பில் யாரும் சொல்லக்கூடாது. அதைப் பிடித்துக்கொண்டு −2 − 3 = 5 என்று எழுதுகிறார்கள், ஆயிரம் முறை பார்த்துவிட்டேன்.

நோன்பு மாதத்துக்கு எட்டாம் அத்தியாயம், கோடுகளும் கோணங்களும். எங்கள் பள்ளியில் படிவம் ஒன்று மத்தியானப் பள்ளி. வெயில், பசி, மேலே சுற்றுகிற மின்விசிறி. அந்த நேரத்தில் இயற்கணிதம் எடுத்தால் பாதி வகுப்பு மேசையில் தலை வைத்துவிடும். கவராயம், பாகைமானி என்று கைக்கு வேலை கொடுத்தால் தூக்கம் வராது. இயற்கணிதமும் சமன்பாடும் பெருநாள் விடுமுறை முடிந்து, எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகுதான். கணங்கள் சின்ன அத்தியாயம், எங்கே வைத்தாலும் சிரித்துக்கொண்டே நடக்கும். புள்ளிவிவரம் தீபாவளிக்கு முந்தின வாரங்களில்.

இனி விஷயம் பைத்தாகரஸ்.

பாடநூலில் அது 13-ஆவது, கடைசி. பல வருடம் நான் அதைக் கடைசியாகத்தான் எடுத்தேன். ஒரு வருடம் ஆண்டிறுதித் தேர்வு நெருங்கிவிட்டது, மூன்று பாடவேளையில் ஓட்டினேன். பலகையில் முக்கோணம், சூத்திரம், நாலு கணக்கு, 'புரிஞ்சதா?', 'புரிஞ்சது டீச்சர்', அவ்வளவுதான். தேர்வு முடிந்ததும் இரவல் பாடநூல்களையும் திரும்ப வாங்கியாயிற்று. திட்டத்தில் 13-க்கும் சரிக்குறி போட்டு நிம்மதியாக விடுமுறைக்குப் போனேன்.

அடுத்த வருடம் அதே பிள்ளைகள் படிவம் இரண்டில், அதே கணித ஆசிரியை. ஆயத்தொலைவு அத்தியாயத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். ஆறு இந்தப் பக்கம், எட்டு அந்தப் பக்கம், சாய்வாக எவ்வளவு? பத்து என்று சொல்லக் காத்திருந்தேன். ஒருத்தி "பதினாலு" என்றாள், வகுப்பே தலையாட்டியது. "போன வருஷம் உங்களுக்கு யாரு கணக்கு சொல்லிக் கொடுத்தா?" என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பைத்தாகரஸை மூன்றாம் அத்தியாயத்தோடு ஒட்டிவிட்டேன். மூன்றில் வர்க்கமும் வர்க்கமூலமும் வருகின்றன. அந்தச் சூடு ஆறும் முன்பே, சதுரக் காகிதத்தை வெட்டி மூன்று பக்கத்திலும் ஒட்டச் சொன்னால் 36-ம் 64-ம் சேர்ந்து 100 ஆவது கண்ணுக்கே தெரிகிறது. இதற்கு இயற்கணிதம் வேண்டியதில்லை, செங்கோணம் தெரிந்தால் போதும். படிவம் இரண்டில் தூரம், படிவம் மூன்றில் முக்கோணவியல், இரண்டும் இதன் தோள்மேல்தான் ஏறுகின்றன. அதைப் போய் வருடக் கடைசியில் வைத்தது யார் யோசனையோ.

இதற்குச் சண்டையும் போட்டேன். எல்லா வகுப்புக்கும் பொதுவான தேர்வு, பாடநூல் வரிசைப்படிதான் கேள்வி வரும், நீங்கள் மட்டும் தாண்டிப் போனால் எப்படி என்று கணிதக் குழுத் தலைவி கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பொதுத் தேர்வுக்குரிய அத்தியாயங்களை அந்தத் தேதிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குள் எதை எப்போது எடுப்பது என்பது ஆசிரியர் விருப்பம். அவரும் அந்த வருடம் தம் வகுப்பில் பைத்தாகரஸை முன்னால் எடுத்தார் என்பதைப் பின்னால் மாணவர்கள் மூலம்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2021-இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் போனது, அடுத்த வருடம் படிவம் மூன்றின் அரசுத் தேர்வான பிடி3 போனது. தேர்வு போனதால் ஆசிரியருக்குச் சுமை குறைந்தது என்று நினைப்பவர்கள் ஒருமுறை வந்து, 35 பிள்ளைகளுக்கும் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை போடும் இரவில் எங்கள் வீட்டு மேசையைப் பார்க்கலாம். ஆனால் ஒன்று, இந்தச் சுதந்திரம் முன்பு இல்லை. பிடி3 இருந்தபோது ஒரு பின்னத்துக்கு ஐந்து வாரம் கொடுக்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. 2027-இல் படிவம் ஒன்றுக்குப் புதிய கலைத்திட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த மேசையை மறுபடி முதலிலிருந்து பரப்ப வேண்டியிருக்கும்.

திட்டத்தில் இரண்டு வாரம் வெறுமையாக விட்டிருக்கிறேன், ஒன்று ஜூலையில், ஒன்று செப்டம்பரில். எதற்கு என்று எழுதவில்லை. வெறுமையாக விட்ட வாரம் வெறுமையாகவே போன வருடம் ஒன்றுகூட இல்லை.

நேற்று சாயங்காலம் கடைக்குப் போய் 555 புத்தகம் 35 வேண்டும் என்றேன். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி, தூசி தட்டி எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார். "என்ன டீச்சர், வட்டிக்கு விடப்போறீங்களா?" என்றார். எண்ணிப் பார்த்தால் 34-தான் இருந்தது. கையிருப்பு அவ்வளவுதானாம். இன்னொன்றுக்குக் காசு வாங்கியதைத் தன் நோட்டில் என் பெயருக்கு எழுதிவைத்துக்கொண்டார்.